மாது எதை வேண்டாம் என்றார்?

போன வாரப் பயிற்சி வகுப்பில் ஒரு தம்பி எழுந்து என்னைக் கேட்டார். "சார், நாம யாருக்காகப் பேசப் போறோமோ அவங்களே வேண்டாம்னு சொல்லிட்டா, நாமளும் வேண்டாம்னுதானே சார் சொல்லணும்?" நல்ல கேள்வி. "ஆமாம் தம்பி, உட்காருங்க" என்று சொல்லியிருந்தால் அவரும் சந்தோஷப்பட்டிருப்பார், நானும் சீக்கிரம் டீ குடிக்கப் போயிருப்பேன். ஆனால் ரிடையர் ஆனவனிடம் கேள்வி கேட்டால் பதில் வராது, கதைதான் வரும். அது தெரியாமல் கேட்டது அவர் தப்பு. அவரோடு சேர்ந்து நீங்கள் எல்லோரும் அனுபவியுங்கள்.

முதலில் நம் வேலையைப் பற்றி. இதற்கு ஊரில் பேர் கிடையாது. உங்களுக்குக் கொடுத்த பயிற்சித் தாளில் 'சார்பாளர்' என்று அழகாகப் போட்டிருப்பார்கள். தர்மபுரி மாவட்டத்தில் இத்தனை காலம் சுற்றியும் என்னை ஒருவர்கூட அப்படிக் கூப்பிட்டதில்லை. "அந்த மாதிரி ஆளுங்களுக்குப் பேசற சாரு" என்பார்கள். வத்தல்மலையில் ஒரு பெரியவர் என்னை வக்கீல் என்று நினைத்துக்கொண்டு, தன் வேலித் தகராறு மொத்தத்தையும் சொல்லி முடித்த பிறகுதான் விட்டார். நானும் தலையாட்டிக் கேட்டுவிட்டு வந்தேன். அவருக்கும் யாராவது கேட்டால் போதும் என்றிருந்தது.

அறிவு வளர்ச்சி குறைந்தவர்கள், மறதி நோய் முற்றியவர்கள், பெரிய முடிவு எதையும் தாங்களாக எடுக்க முடியாது என்று மற்றவர்கள் முடிவு கட்டிவிட்ட பெரியவர்கள். இவர்களுக்காக, குடும்பத்துக்கும் ஆபீசுக்கும் ஆஸ்பத்திரிக்கும் கட்டுப்படாமல் தனியாக நின்று பேசுவது நம் வேலை. சொல்லும்போது கம்பீரமாகத்தான் இருக்கும். நிஜத்தில் பாதி நேரம் ஏதாவது ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருப்போம். மீதி நேரம் யாராவது வந்து, இது பேஷண்ட் உட்காருகிற பெஞ்ச், எழுந்திருங்கள் என்பார்கள்.

இனி மாது. அவருக்கு நாற்பதை ஒட்டிய வயது. காரிமங்கலம் பக்கத்துக் கிராமம். அப்பா அம்மா இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அண்ணன் முனிராஜ் வீட்டில் இருந்தார். முனிராஜ் தக்காளி போடுகிற விவசாயி. மாது பிறவியிலேயே அறிவு வளர்ச்சி குறைந்தவர். ஒரு வார்த்தை, ரெண்டு வார்த்தைக்கு மேல் பேசமாட்டார். ஆனால் தோள் இருக்கிறதே, அப்பேர்ப்பட்ட தோள். தக்காளிப் பெட்டியை ரெண்டு ரெண்டாகத் தூக்கி டெம்போவில் அடுக்குவார். ஊரில் யார் தோட்டத்தில் பெட்டி ஏற்றினாலும் மாதுவைத்தான் கூப்பிடுவார்கள். டீயும் போண்டாவும் கொடுப்பார்கள். அது நியாயமா என்று ஆரம்பித்தால் எனக்குக் கோபம் வரும், கதை எங்கேயோ போய்விடும்.

பெட்டி தூக்கித் தூக்கி அவருக்கு அடிவயிற்றில் குடல் இறங்கியிருந்தது. ஹெர்னியா என்றால் உங்களுக்குப் புரியும். எத்தனை நாளாக வலித்ததோ, யாரிடமும் சொல்லவில்லை. ஒரு நாள் காலையில் குடல் வெளியே வந்து சிக்கிக்கொண்டது. தோட்டத்தில் சுருண்டு விழுந்தவரை அதே டெம்போவில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார் அண்ணன். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லமாட்டேன். நான் இன்னும் அங்கே மாத்திரை வாங்கப் போகிற ஆள்.

எனக்குப் போன் வந்தது. "சார், உங்க ஆளு ஒருத்தர் இங்க சிஸ்டரை உதைச்சுட்டார். சீக்கிரம் வாங்க."

கவனியுங்கள். உதைக்கிற வரைக்கும் அவர் ஆஸ்பத்திரியின் பேஷண்ட். உதைத்த பிறகு நம் ஆள். நீங்களும் உங்கள் ஆட்களை இப்படித்தான் சந்திக்கப் போகிறீர்கள், அதனால் சொல்லி வைக்கிறேன்.

நான் போனபோது மாது கட்டிலின் தலைமாட்டில் முதுகை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கையில் டிரிப், மூக்கில் ட்யூப். வலிக்கு ஊசி போட்டிருந்தார்கள். இரண்டு கையாலும் இடுப்பில் லுங்கியை இறுகப் பிடித்திருந்தார். கிட்டே யார் வந்தாலும் "வாணாம்" என்றார். டாக்டரிடம் வாணாம், சிஸ்டரிடம் வாணாம், தரை துடைக்க வந்தவரிடமும் வாணாம். என்னை அவருக்கு முன்பே தெரியும். அவர் அப்பா இறந்த பிறகு, இவருக்குச் சட்டப்படி யார் காப்பாளர் என்கிற விஷயமாக அவர்கள் வீட்டுக்குப் போயிருக்கிறேன். என்னைப் பார்த்ததும் முகம் கொஞ்சம் தெளிந்தது. சிரிக்கப் போகிறார் என்று கிட்டே போனேன். "வாணாம்" என்றார்.

டாக்டர் சின்ன வயசுக்காரர். தென்காசிப் பக்கம் என்று பிறகு சொன்னார். என்னைத் தள்ளி அழைத்துப்போய்ப் பேசினார். "சார், குடல் சிக்கியிருக்கு. ரத்த ஓட்டம் நின்னா அழுக ஆரம்பிச்சிரும். அழுகினா உயிருக்கே ஆபத்து. தியேட்டர் ரெடி. அண்ணன் கையெழுத்துப் போட மாட்டேங்கறார். இவர் படுக்கவே மாட்டேங்கறார். நான் என்ன செய்யணும்னு நீங்களே சொல்லுங்க."

முனிராஜ் பக்கத்திலேயே நின்றார். "அவனே வாணாங்கறானுங்க சார். அவனுக்குப் புடிக்காததை நான் எப்படிங்க பண்றது? நாளைக்கு ஒண்ணு ஆயிப்போச்சுன்னா ஊரு என்னைச் சும்மா வுடுங்களா? தம்பி வாணாம் வாணாம்னு கத்துனான், அண்ணங்காரன் அறுக்கச் சொல்லிட்டான்னு பேச மாட்டாங்களா? ஊசி போட்டதுல இப்ப நல்லாத்தானுங்க இருக்கான். வூட்டுக்கே கூட்டிட்டுப் போயிடறேன்."

இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். இதே முனிராஜிடம் அவர் வீட்டில் உட்கார்ந்து, தம்பிக்கு என்ன நிறச் சட்டை பிடிக்கும் என்று நான் கேட்டிருக்கிறேன். "அவனுக்கு என்னங்க தெரியும், குடுத்ததைப் போட்டுக்குவான்" என்றார். சந்தைக்கு வருவதென்றால் அவருக்கு இஷ்டமா என்றதற்கும் அதே பதில். நாற்பது வருஷம் சட்டை நிறத்தில்கூட மாதுவுக்குக் கருத்து இருந்ததில்லை. அன்று காலையிலிருந்து அவர் சொல் சாமி வாக்கு ஆகிவிட்டது. பொறுப்பு என்று ஒன்று வந்து தலையில் உட்காரும்போது, நம் ஊரில் எல்லோருக்கும் மற்றவர் விருப்பத்தின் மேல் அபார மரியாதை பிறந்துவிடும். குடும்பத்துக்கு மட்டும் இல்லை, ஆபீசர்களுக்கும் அப்படித்தான்.

முனிராஜ் கெட்டவர் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். தம்பியை அடித்ததில்லை, பட்டினி போட்டதில்லை. அவருக்குப் பயம்.

டாக்டருக்கும் பொறுமை போய்க்கொண்டிருந்தது. "இல்லைன்னா நாலு பேரை விட்டுப் பிடிக்கச் சொல்லி மயக்க ஊசி போட்டுருவேன். உயிரைக் காப்பாத்தறதுக்கு எனக்கு அதிகாரம் இருக்கு. ஆனா முழிச்சதும் தையலைப் பிச்சு எறிஞ்சுட்டா நான் என்ன செய்ய?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். இந்த இடத்தில் உங்களுக்கு மார்பு கொஞ்சம் விரியும். எல்லோரும் நம் வாயைப் பார்க்கிறார்களே என்று இருக்கும். எனக்கும் விரிந்தது. அந்தச் சமயத்தில் பேசாதீர்கள், பேசினால் உளறுவீர்கள்.

போன வாரம் கேள்வி கேட்ட தம்பி அங்கே நின்றிருந்தால் என்ன சொல்லியிருப்பார்? "அவர் வேண்டாம் என்கிறார், அதைப் பதிவு பண்ணிக்கொள்ளுங்கள்." என் வாயிலும் அதே வாசகம் தயாராக வந்து நின்றது. அதைச் சொல்லிவிட்டு நான் பஸ் ஏறியிருக்கலாம், யாரும் என்னை ஒரு கேள்வி கேட்க முடியாது. நம் வேலையில் கையைச் சுத்தமாக வைத்துக்கொள்வது ரொம்பச் சுலபம். ஆள் செத்துப்போவார், கை சுத்தமாக இருக்கும்.

"டாக்டர், ஒரு டீ குடிக்கிற நேரம் குடுங்க" என்றேன்.

"டீயா? இப்பவா?"

"டீ வேண்டாம். அந்த நேரம் போதும்."

அவர் என்னை முறைத்துவிட்டு, தான் தியேட்டருக்குள் தயாராகி வருகிற வரைக்கும்தான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் உதை வாங்கிய சிஸ்டரிடம் போனேன். மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தார். "சிஸ்டர், அவர் எப்போ உதைச்சார்?"

"எப்போ உதைச்சா என்ன சார்? உதை உதைதானே?"

"இல்லைங்க சிஸ்டர், அதுக்கு முன்னாடி என்னென்ன பண்ணீங்க? எதுக்கெல்லாம் சும்மா இருந்தார்?"

சிஸ்டர் யோசித்தார். "ஊசி போட்டேன், சும்மாதான் இருந்தார். டிரிப் போட்டேன், ஊசி ஏறுற இடத்தையே பாத்துக்கிட்டிருந்தார். மூக்குல ட்யூப் விட்டப்ப கண்ணுல தண்ணியா கொட்டுச்சு, பாவம், அப்பக்கூட என் கையைப் பிடிச்சுக்கிட்டுதான் இருந்தார். ஷேவ் பண்ண வந்த ஆளுகிட்ட கூச்சத்துல சிரிச்சிருக்கார். அப்புறம் தியேட்டர் டிரஸ் மாத்தணும்ல, கத்திரிக்கோல் எடுத்துக்கிட்டு வந்தேன். அவ்வளவுதான், விட்டாரு ஒரு உதை."

"கத்திரிக்கோல் எதுக்கு?"

"இடுப்புக் கயிறு அறுக்கத்தான் சார். தியேட்டருக்குப் போற ஆம்பளைங்க எல்லாருக்கும் அறுப்போமே. அதுவும் இவருக்கு ஆபரேஷனே அந்த இடத்துல."

ஊசிக்கும் ட்யூபுக்கும் சும்மா இருந்தவர் கத்திரிக்கோலுக்கு உதைத்திருக்கிறார். சரி, கத்திரியைப் பார்த்துப் பயம் என்று நினைத்தேன். பெரிய துப்பு கண்டுபிடித்த மிதப்பில் மாதுவிடம் போய் இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். "கத்திரி இல்ல மாது, பாருங்க. கையாலயே முடிச்சை அவுத்துடறேன்" என்று சொல்லி, லுங்கிக்கு மேலே தெரிந்த கறுத்துப்போன அரைஞாண் கயிற்றில் விரலை வைத்தேன்.

அவர் என்னை உதைக்கவில்லை. தெரிந்தவன் என்கிற சலுகை. என் கையை எடுத்து அப்பால் வைத்தார். பிறகு கட்டிலில் மெதுவாக இறங்கி மல்லாந்து படுத்தார். காலை நீட்டி, இரண்டு கட்டைவிரலையும் சேர்த்து ஒட்டினார். கையை நெஞ்சில் வைத்தார். கண்ணை மூடினார். அப்படியே அசையாமல் கிடந்தார். வலி எங்கேயோ பிடித்திருக்க வேண்டும், முகம் சுருங்கியது, ஆனாலும் அசையவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து உட்கார்ந்து, கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "வாணாம்" என்றார்.

பின்னால் முனிராஜ் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்பாவுக்குங்க சார்" என்றார். "அப்பா செத்தப்ப இவன்தானுங்க தலைமாட்டுலயே நின்னான். தூங்கறாரு, தூங்கறாருன்னே சொல்லிக்கிட்டிருந்தான். குளிப்பாட்டுனப்பக்கூட தூங்கறாருன்னுதான் சொன்னான். எடுக்கறதுக்கு முன்னாடி பங்காளி ஒருத்தரு அரணாக்கவுறை அறுத்தாரு. அறுத்ததும் தூக்கிட்டுப் போயிட்டோமுங்க. அப்புறந்தான் அப்பா வரவே இல்லையே."

நம் பக்கத்தில் ஆண் குழந்தை பிறந்து சில நாளில் கட்டுகிற கயிறு அது. பழசானால் புதுசைக் கட்டிக்கொண்டுதான் பழசை அறுப்பார்கள். இடுப்பு வெறுமையாக ஒரு கணம்கூட இருக்கக்கூடாது. புதுசு கட்டாமல் அறுப்பது பிணத்துக்கு மட்டும்தான். இது எனக்குத் தெரியும், முனிராஜுக்குத் தெரியும், அந்த சிஸ்டருக்கும் தெரியும். தெரிந்ததை எல்லாம் ஆஸ்பத்திரி வாசலில் செருப்போடு கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வருகிறோம். மாதுவுக்கு அப்படிக் கழற்றத் தெரியவில்லை. அவர் பார்த்த அளவில், தூங்கிக்கொண்டிருந்த அப்பாவைப் பிணமாக்கியது அந்தக் கத்திதான்.

அவர் வேண்டாம் என்றது ஆபரேஷனை இல்லை. சாவை. உயிர் வேண்டும் என்று காலையிலிருந்து அவருக்குத் தெரிந்த ஒரே வார்த்தையில் கத்திக்கொண்டிருந்தவரை, சாக விடுவதற்கு நாங்கள் எல்லோரும் அவர் பேரையே சொல்லி ஏற்பாடு பண்ணிக்கொண்டிருந்தோம்.

"முனிராஜ், ஓடுங்க. வாசல்ல கயிறு விப்பாங்க. புதுசு ஒண்ணு வாங்கிட்டு வாங்க" என்றேன். அவர் எழுந்தார்.

அவர் வருகிற வரைக்கும் சும்மா இருந்திருக்கலாம். படித்தவன் ஆயிற்றே, சும்மா இருப்பேனா? மாதுவுக்கு அறிவுபூர்வமாக விளக்கப் புறப்பட்டேன். நான் பேண்ட் போட ஆரம்பித்த காலத்தில் பெல்ட்டுக்கு இடைஞ்சல் என்று கயிற்றைக் கழற்றிப் போட்டவன். ஆகவே வார்டு நடுவில் சட்டையைத் தூக்கி என் வெறும் இடுப்பைக் காட்டினேன். "பாருங்க மாது. எனக்குக் கவுறே இல்ல. நான் உசுரோடதானே இருக்கேன்? கவுறு இல்லைன்னா ஒண்ணும் ஆகாது."

மாது என் இடுப்பைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். கையை நீட்டி என் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், சூடு இருக்கிறதா என்று. பிறகு வார்டு வாசலை நெருங்கிவிட்ட அண்ணனைப் பார்த்து, அந்த மூக்கு ட்யூபோடு, ஒரு கத்துக் கத்தினார்.

"ணா! ரெண்டு!"

உதை வாங்கிய சிஸ்டர் அப்போதுதான் முதல் தடவையாகச் சிரித்தார். பக்கத்துக் கட்டில்காரர் தன் தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். என் வாதம் மாதுவிடம் எடுபடவே இல்லை. குடல் சிக்கிக் கிடந்த மனுஷன், இந்த சாரு கயிறில்லாமல் திரிகிறாரே, எந்த நேரம் தூக்கிக்கொண்டு போவார்களோ என்று என்னைப் பற்றிக் கவலைப்பட்டார். சார்பாளர் என்று நாம் போட்டுக்கொள்கிறோமே, அன்றைக்கு அந்த வார்டில் அவர்தான் எனக்குச் சார்பாளர்.

டாக்டர் வந்தார். "என்ன சார், சட்டையைத் தூக்கிட்டு நிக்கீங்க?"

விஷயத்தைச் சொன்னேன். கேட்கக் கேட்க அவர் முகம் மாறியது. தன் பச்சை உடுப்பின் இடுப்பைத் தொட்டுக்கொண்டார். "எனக்கும் கிடக்கு சார். எங்க அம்மை கட்டினது." கொஞ்சம் யோசித்தார். "தொப்புளுக்குக் கீழ எனக்கு இடம் வேணும். நெஞ்சோட சேத்து மேல கட்டிக்கிடட்டும், எனக்கு ஒண்ணும் இல்ல."

"சார், தியேட்டர்ல அதெல்லாம்..." என்று சிஸ்டர் இழுத்தார்.

"புதுசுதானே சிஸ்டர், மருந்து போட்டுத் தொடைச்சிட்டுக் கட்டுங்க. மேல டேப் ஒட்டிருங்க. சீக்கிரம்."

முனிராஜ் மூச்சு வாங்க ஓடி வந்தார். இரண்டு சிவப்புக் கயிறு. சிஸ்டர் ஒன்றைத் துடைத்துக்கொண்டு மாதுவிடம் போனார். மாது தலையாட்டி மறுத்து என்னைக் காட்டினார். "சாரு."

அதாவது முதலில் எனக்கு. டாக்டர் காத்திருக்க, ஒரு குடல் உள்ளே கறுத்துக்கொண்டிருக்க, மாவட்டமே மதிக்கிற சமூகப் பணியாளனாகிய நான் வார்டு நடுவில் சட்டையைத் தூக்கிக்கொண்டு நின்றேன். முனிராஜ் எனக்கு அரைஞாண் கயிறு கட்டினார். முடிச்சை மாது இழுத்துப் பார்த்தார். திருப்தி இல்லை. இன்னொரு முடிச்சுப் போடச் சொன்னார். போட்டோம்.

அப்புறம் அவருக்கு. அண்ணனே கட்டினார், நெஞ்சைச் சுற்றி. அது இடுப்பு இல்லையே என்று மாது குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். "இப்போதைக்கு மேல இருக்கட்டும் மாது. டாக்டர் வயித்தைச் சரி பண்ணித் தெச்சதும் கீழ எறக்கிக் கட்டிடலாம். இதை யாரும் அறுக்க மாட்டாங்க" என்றேன். வயிற்றில் கை வைத்துக் காட்டி மிச்சத்தையும் சொன்னேன். இங்கேதான் நோவு. டாக்டர் மருந்து கொடுத்துத் தூங்க வைப்பார். முழித்ததும் நோகும், பிறகு நாளாக ஆகக் குறையும்.

அவர் கேட்டார். "பொட்டி?"

"கொஞ்ச நாளைக்குப் பொட்டி தூக்கக் கூடாது."

"யாரு?"

"உங்க அண்ணன் தூக்குவார்."

மாது அண்ணனை ஏற இறங்கப் பார்த்தார். அந்த ஒல்லித் தோளைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சிரித்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். பிறகு பழைய கயிற்றை இடுப்பிலிருந்து விரலால் இழுத்துத் தூக்கி, சிஸ்டரைப் பார்த்து, "அறு" என்றார். சிஸ்டர் அறுத்தார். மாது ஒரு கையை நெஞ்சுக் கயிற்றின் மேல் வைத்துக்கொண்டு தானாகவே படுத்தார். கால் விரல்களைச் சேர்த்து வைக்கவில்லை, அகட்டியே வைத்திருந்தார்.

முனிராஜ் கையெழுத்துப் போடும் முன் என்னைக் கேட்டார். "நாளைக்கு யாராச்சும் கேட்டா, அவனே சரின்னுட்டான்னு சொல்லலாமுங்களா சார்?"

"சொல்லுங்க. நானும் பார்த்தேன்னு சொல்றேன்" என்றேன்.

ஆபரேஷன் முடிந்து டாக்டர் வெளியே வந்து சொன்னார். குடல் கறுக்க ஆரம்பித்திருந்ததாம். வெளியே எடுத்துச் சுடுநீர்த் துணியில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார்களாம். மெல்ல நிறம் திரும்பியதாம். "இன்னும் கொஞ்சம் போயிருந்தா வெட்டித்தான் எடுத்திருப்பேன்" என்றார். நான் டீ குடிக்கிற நேரம் கேட்டதும், அறிவுபூர்வமாக விளக்கியதும், முடிச்சு மேல் முடிச்சுப் போட்டதும் அந்தக் குடலின் கணக்கில்தான் போயிருக்கிறது. அந்த நேரத்தைக் கேட்டது சரிதானா என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன். சரி என்றுதான் இன்னும் நினைக்கிறேன். குடல் அழுகியிருந்தால் என்ன நினைத்திருப்பேன் என்று தெரியாது.

என் இடுப்புக் கயிறு என்ன ஆயிற்று என்று கேட்க உங்களுக்கு நாக்கு துடிக்கும். இருக்கிறது. என் மனைவி ஒரு வாரம் சிரித்தாள். அது நைந்ததும் புதுசு கட்டிக்கொண்டுதான் பழசை அறுத்தேன்.

இப்போது அந்தத் தம்பிக்கு வருகிறேன். இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, ஓஹோ, வேண்டாம் என்றால் உள்ளுக்குள் வேறு ஏதோ இருக்கும், நாம் துருவினால் அது வேண்டும் என்று மாறிவிடும் என்று கிளம்பிவிடாதீர்கள். அப்படிக் கிளம்பினவர்கள்தான் இருக்கிறதிலேயே ஆபத்தானவர்கள். நல்லம்பள்ளிப் பக்கம் ஒரு அம்மா. மறதி நோய். மகன்கள் அவரை ஒரு விடுதியில் சேர்க்க நினைத்தார்கள். வேண்டாம் என்றார். சாப்பாடா, கட்டிலா, அங்கே உள்ள ஆட்களா, எது வேண்டாம் என்று நானும் எல்லாப் பக்கமும் துருவினேன். கடைசியில் அந்த அம்மா என்னைப் பார்த்து, "உனக்குக் காது கேக்காதாப்பா?" என்றார். அவர் வேண்டாம் என்றது விடுதியைத்தான். அதற்கப்புறம் அந்த ஒரு வார்த்தையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மகன்களோடு சண்டை போடுவது மட்டும்தான் எனக்கு வேலை. போட்டேன். சிலவற்றில் ஜெயித்தேன், சிலவற்றில் வசவு வாங்கினேன்.

கேட்பதுதான் வேலை. பதில் நமக்குப் பிடித்த மாதிரி வரவேண்டும் என்று அவர்களுக்கு ஒரு அவசியமும் இல்லை.

மாதுவுக்கு மூக்கு ட்யூபை எடுத்த பிறகு, பால் கொடுக்கலாம் என்றார்கள். நான் பார்க்கப் போனபோது முனிராஜ் டம்ளரோடு கட்டிலருகே நின்றிருந்தார். ஆற்றி ஆற்றி வாயருகே கொண்டுபோனார். மாது முகத்தைத் திருப்பினார்.

"வாணாம்."

முனிராஜுக்குக் கோபம் வந்தது தெரிந்தது. ஆபரேஷன் ஆன உடம்பு, பால் குடிக்காமல் எப்படி என்று ஆரம்பிக்கப் போனவர், பாதியில் நிறுத்தினார். டம்ளரைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார். என் பக்கம் திரும்பவே இல்லை.

"எது மாது வாணாம்?" என்றார். "பாலா? சூடா இருக்குதா? இல்ல, நான் குடுக்கறதா?"

மாது வெகுநேரம் யோசித்தார். அவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை. பழக்கமில்லாத வேலை, நேரம் எடுத்தது. பிறகு டம்ளரைக் காட்டிச் சொன்னார்.

"சக்கரை."

"பத்தலையா?"

"வாணாம்."

முனிராஜ் கீழே போய் சர்க்கரை போடாத பால் வாங்கி வந்தார். மாது ஒரே மூச்சில் குடித்துவிட்டு டம்ளரை நீட்டினார், இன்னும் வேண்டும் என்று. இன்னொன்று வாங்க நடந்த முனிராஜ், தாழ்வாரத்தில் என்னைக் கடக்கும்போது நின்றார். கண் நிறைந்திருந்தது.

"பொறந்ததுல இருந்து சக்கரை போட்டுத்தானுங்க சார் குடுத்துட்டு இருக்கறோம்" என்றார். "எல்லாத்தையும் குடிச்சானுங்க."